தேத்தண்ணி தந்தவைக்குக் கதிரை எங்கே?

போன வருசம் எங்கட ஊர்ச் சனசமூக நிலையத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டம். பின்னேரம் நாலு மணிக்கெண்டு அறிவித்து ஐந்தேகாலுக்குத் தொடங்கினார்கள். மண்டபத்தில் ஏழு வரிசை கதிரை. முன் நாலு வரிசையில் ஐயாமாரும் அண்ணைமாரும். கடைசி வரிசையில் அம்மாவும் இன்னும் ஐந்தாறு பெண்களும். மற்றப் பெண்கள் பின்பக்கக் குசினியில் நின்றார்கள். தேத்தண்ணியும் வடையும் அங்கேயிருந்துதான் வரவேண்டும்.

நிர்வாக சபைத் தெரிவு வந்ததும் நான் எழும்பி, செயலாளர் பதவிக்கு எங்கட முன்பள்ளி ரீச்சரின் பெயரை முன்மொழிந்தேன். பத்து வருசத்துக்கு மேலாக அந்த மண்டபத்தில்தான் அவ பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறா. நிலையத்திலிருந்து பிரதேச சபைக்குப் போகிற கடிதங்களில் பாதி அவ எழுதிக் குடுத்ததுதான். ஆனால் கடிதத்தின் அடியில் வேறு ஆளின் கையெழுத்து இருக்கும்.

கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கேல்லை. பிறகு மூத்த ஐயா ஒருவர் சொன்னார். கோபமாக இல்லை, அன்பாகத்தான் சொன்னார்.

"பிள்ளை, உங்களுக்கெண்டு மாதர் சங்கம் இருக்குத்தானே. இது நாங்கள் சின்னனில இருந்து பெடியளாப் பழகிற இடம். பொம்பிளையளும் வந்திருந்தால் அந்தப் பழக்கம் இருக்காது. எங்கட ஊர் வழக்கமும் அப்பிடி இல்லை."

வழிமொழிய ஒருவரும் எழும்பேல்லை. ரீச்சரே கடைசி வரிசையிலிருந்து "இரு பிள்ளை" எண்டு கண்ணைக் காட்டினா. நான் இருந்தேன். வடை வந்தது.

அந்த ஐயா இரண்டு காரணம் சொன்னார். ஒன்று, எங்களுக்குள் இருக்கிற தோழமை கெட்டுப்போகும். மற்றது, ஊர் வழக்கம் இடங்கொடாது. இரண்டும் எங்கட ஊருக்கு மட்டும் உரியவை எண்டுதான் நானும் நினைத்திருந்தேன். வளாகத்துக்குத் திரும்பி, சேவைக் கழகங்களின் வரலாறு பற்றி ஒரு ஒப்படைக்காக வாசிக்கத் தொடங்கினேன். உலகத்தின் மிகப் பெரிய சேவை அமைப்புகளில் ஒன்று இதே இரண்டு காரணங்களையும் அமெரிக்காவின் உயர் நீதிமன்றம் வரைக்கும் கொண்டுபோயிருக்கிறது. அந்தக் கதையின் நடுவில் இலங்கையும் வருகிறது. அதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் நிலையத்தைப் பற்றி

நிலையத்தைக் குறை சொல்ல மட்டும் இதை எழுதவில்லை. வடக்கில் வளர்ந்த எவருக்கும் தெரியும், சனசமூக நிலையம் எண்டால் நாலு சுவரும் ஒரு பெயர்ப்பலகையும் மட்டும் இல்லை. காலையில் பேப்பர் பார்க்கிற வாங்கில், பின்னேரம் கரப்பந்து வலை, இரவில் 304 விளையாட்டு எல்லாம் அங்கேதான். ஊரில் ஒரு செத்தவீடு நடந்தால் முதலில் திறபடுவது நிலையத்தின் அறைதான். கதிரை, தகரம், கிடாரம் எல்லாம் அங்கேயிருந்து வரும். காசு குடுக்க ஏலாத வீட்டுக்கும் வரும்.

பொருளாதாரத் தடை இருந்த 1990களின் முதற்பாதியில் யாழ்ப்பாணத்தில் பேப்பர் அடிக்கத் தாள் இல்லாமல், கோடு போட்ட கொப்பித் தாளிலும் அடித்து விட்டார்கள். எங்கட நிலையத்தில் ஒரு பிரதியை ஒருவர் உரத்து வாசிக்க, சுற்றி முப்பது பேர் நின்று கேட்பார்கள் எண்டு அப்பா சொல்லுவார். 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, நடக்க ஏலாத கிழவிகளைச் சைக்கிள் கரியரில் இருத்தித் தள்ளிக்கொண்டு போனதும் இந்தப் பெடியள்தான். எனக்குக் கண்ணால் பாராத காலம் அது. ஆனால் போன வருசம் என்னை இருக்கச் சொன்ன ஐயாவும் அப்படித் தள்ளினவர்களில் ஒருவர். அவரில் எனக்கு மரியாதை குறையாததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகவே என்னுடைய கேள்வி இவர்கள் நல்லவர்களா என்பதல்ல. நல்லவர்கள் கூடி நல்லது செய்கிற இடத்தில், கூடுகிறவர்கள் யார் எண்டு தீர்மானிக்கிறது யார்? இந்தக் கேள்விக்கு நூறு வருசத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

தனிமையில் தொடங்கிய கழகம்

போல் ஹரிஸ் ஒரு சட்டத்தரணி. வேர்மொன்ற் மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில், தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர். 1896இல் தொழில் தேடிச் சிக்காகோவுக்கு வந்தார். அவ்வளவு பெரிய நகரத்தில் அவருக்குத் தெரிந்த முகம் குறைவு. ஒரு நாள் இன்னொரு சட்டத்தரணியுடன் புறநகர்ப் பக்கம் உலாவப் போனபோது, அந்த நண்பர் வழியிலிருந்த கடைக்காரர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு விசாரிப்பதைக் கண்டார். தன் ஊரில் இருந்த அந்தப் பழக்கத்தை நகரத்துக்குள்ளும் கொண்டுவர ஏலாதா எண்டு யோசித்தார்.

1905 பெப்ரவரி 23 அன்று நாலு பேர் கூடினார்கள். ஹரிஸ், ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்கப் பொறியியலாளர், ஒரு தையற்கடைக்காரர். கூட்டத்தை இந்த முறை ஒருவரின் கந்தோரில், அடுத்த முறை இன்னொருவரின் கந்தோரில் எண்டு சுழற்சியாக வைத்தார்கள். அந்தச் சுழற்சியிலிருந்துதான் றோட்டரி என்ற பெயர் வந்தது.

கவனியுங்கள், அது தொடங்கியபோது சேவைக் கழகம் இல்லை. நட்புக்கும், ஒருவருக்கொருவர் வியாபாரம் பிடித்துக் குடுப்பதற்கும்தான் கூடினார்கள். 1906இல் டொனால்ட் காட்டர் என்ற சட்டத்தரணியைச் சேரச் சொல்லிக் கேட்டபோது, தங்களுக்குள் மட்டும் நன்மை செய்துகொள்கிற கழகம் நிலைக்காது எண்டு மறுத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற பேச்சு பலமாக வந்தது. அவர்கள் முன்னின்று செய்த முதல் பெரிய பொதுவேலை என்ன தெரியுமா? சிக்காகோ நகரத்துக்குப் பொதுக் கழிப்பறை கட்டுவிப்பது. 1907இல் தொடங்கிய முயற்சி அது. எங்கட நிலையத்தில் கிணறு இறைத்து ஒழுங்கை துப்புரவாக்குகிற சிரமதானத்தை நினைத்தால் இது புதுமையில்லை. எந்த ஊரிலும் சேவை இப்படி ஒரு சின்னத் தேவையிலிருந்துதான் தொடங்குகிறது.

கழகம் பரவியது. கடல் தாண்டி 1929இல் கொழும்புக்கும் வந்தது. ஒரு தொழிலுக்கு ஒருவர் என்ற கணக்கில் ஆள் சேர்த்ததால், எல்லாத் தொழிலும் ஒரே மேசையில் இருக்கும் எண்டு பெருமையாகச் சொன்னார்கள். ஆனால் அந்த எல்லாத் தொழிலுக்குள் கடை வைத்திருந்தவர் வந்தார், கடையில் மூட்டை தூக்கியவர் வரவில்லை. யாப்பில் இன்னொரு சொல்லும் இருந்தது. அங்கத்தவர் ஆணாக இருக்க வேண்டும்.

பேச வரலாம், சேர ஏலாது

பெண்கள் சும்மா இருக்கவில்லை. 1924 ஜனவரியில் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் மார்கரெட் கோல்டிங் என்பவர் றோட்டரி அங்கத்தவர்களின் மனைவிமாரைச் சேர்த்து இன்னர் வீல் கழகத்தைத் தொடங்கினார். பெயரே நிலைமையைச் சொல்லுகிறது. பெரிய சில்லுக்குள் ஒரு சின்னச் சில்லு.

லயன்ஸ் கழகத்தின் கதை இன்னும் கூர்மையானது. 1917இல் மெல்வின் ஜோன்ஸ் சிக்காகோவில் தொடக்கி வைத்த அமைப்பு அது. 1925இல் ஒஹாயோவில் நடந்த அவர்களின் மாநாட்டில் ஹெலன் கெல்லர் பேசினார். பார்வையும் கேள்வியும் இழந்த அந்தப் பெண், பார்வையற்றவர்களுக்காக உழைக்கும்படி அவர்களைக் கேட்டார். இன்றைக்கு எங்கட ஊர்களில் லயன்ஸ் கழகம் கண் பரிசோதனை முகாம் வைத்து மூக்குக் கண்ணாடி குடுக்கிறதெண்டால், அந்த வேலையின் வேர் ஒரு பெண்ணின் அந்தப் பேச்சில் இருக்கிறது. ஆனால் லயன்ஸ் கழகங்களில் பெண்கள் அங்கத்தவராகச் சேர வழி திறந்தது 1987இல். வேலையைக் காட்டித் தந்தது ஒரு பெண். அந்த வேலையைச் செய்கிற மேசையில் பெண்ணுக்கு இடம் கிடைக்க 62 வருசம் எடுத்தது.

இந்த இடத்தை வாசித்தபோது எனக்கு நிலையத்துக் குசினிதான் ஞாபகம் வந்தது. பொங்கல் விழாவுக்கு என்ன செய்யலாம் எண்டு யோசனை சொல்லுகிறது ரீச்சர். பொங்குகிறது அம்மாக்கள். மேடையில் மாலை விழுகிறது வேறு கழுத்துகளில்.

இலங்கையில் இருந்து போன தீர்மானம்

இனித்தான் நான் சொல்ல வந்த விசயம்.

றோட்டரியின் யாப்பை மாற்றுவதெண்டால், உலகம் முழுவதும் உள்ள கழகங்கள் அனுப்பும் தீர்மானங்களைச் சட்டவாக்க மன்றம் எண்டொரு சபை எடுத்துப் பேசி வாக்களிக்க வேண்டும். யாப்பிலிருந்து ஆண் என்ற சொல்லை நீக்க வேண்டும் எண்டு 1950இல் ஒரு தீர்மானம் போனது. அனுப்பியது இந்தியாவிலிருந்த ஒரு கழகம்.

1964இல் இன்னொரு தீர்மானம் போனது. பெண்களைக் கழகங்களில் சேர்க்க இடம் தர வேண்டும் எண்டு கேட்டது. அதை அனுப்பியது இலங்கையிலிருந்த ஒரு கழகம்.

அந்த மன்றம் தீர்மானத்தை ஏற்கவில்லை. அதை விலக்கிக்கொள்ளும்படி வாக்களித்தார்கள். பெண்களைக் கௌரவ அங்கத்தவர்களாகவாவது எடுக்கலாம் எண்டு கேட்ட வேறு இரண்டு தீர்மானங்களுக்கும் அதே கதிதான்.

1964இல் இந்த நாடு எப்படி இருந்தது எண்டு யோசித்துப் பாருங்கள். 1931இலேயே ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை வந்துவிட்டது. அடுத்த வருசமே கொழும்பு வடக்கிலிருந்து நேசம் சரவணமுத்து அரச சபைக்குத் தெரிவானார். 1960 யூலையில் சிறிமாவோ பண்டாரநாயக்க பிரதமரானார், உலகத்திலேயே முதல் பெண் பிரதமர். 1964இலும் அவரே பிரதமர். நாட்டை ஆளுகிற அந்தப் பெண், நாட்டிலிருந்த ஒரு றோட்டரிக் கழகத்திலும் அங்கத்தவராகச் சேர்ந்திருக்க ஏலாது. விருந்தினராக வந்து பேசலாம். பேசி முடியக் கைதட்டுவார்கள். அவ்வளவுதான்.

அந்தத் தீர்மானம் தோற்றது. ஆனால் அது எழுதப்பட்டது. இங்கே இருந்த ஆண்களே கூடி, இது சரியில்லை எண்டு ஒத்துக்கொண்டு எழுதினார்கள். எங்கட பக்கத்து வழக்கம் இதற்கு இடங்கொடாது எண்டு இனி யாராவது சொன்னால், இந்த வருசத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். ஏனெண்டால் பிறகு அமெரிக்க நீதிமன்றத்தில் அதைத்தான் சொன்னார்கள்.

டுவார்ட்டே

கலிபோர்னியாவில், லொஸ் ஏஞ்சலிசுக்குப் பக்கத்தில் டுவார்ட்டே எண்டொரு சின்ன நகரம். அங்கேயிருந்த றோட்டரிக் கழகத்தில் ஆட்கள் குறைந்துகொண்டே போனார்கள். 1977இல் அவர்கள் மூன்று பெண்களைச் சேர்த்தார்கள். புரட்சி செய்ய வெளிக்கிட்டுச் செய்ததில்லை. கழகம் நடக்க ஆள் வேண்டும், ஊரில் பொறுப்பான வேலையிலிருந்த பெண்கள் சேர விரும்பினார்கள். அடுத்த வருசமே தலைமையகம் டுவார்ட்டே கழகத்தின் அங்கீகாரத்தைப் பறித்தது.

அவர்கள் கலையவில்லை. முன்னாள் றோட்டரிக் கழகம் எண்டு பெயர் வைத்துக்கொண்டு, சின்னத்துக்கு மேல் ஒரு பெருக்கல் அடையாளம் போட்டுக்கொண்டு, தொடர்ந்து கூடினார்கள். வழக்கும் போட்டார்கள். 1983இல் கீழ் நீதிமன்றத்தில் தோற்றார்கள். 1986இல் மேன்முறையீட்டில் வென்றார்கள். தலைமையகம் விடவில்லை, வழக்கை ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது.

தலைமையகத்தின் வாதங்களில் இரண்டை மட்டும் சொல்கிறேன். பெண்கள் இல்லாதபடியால் ஆண் அங்கத்தவர்களுக்குள் ஒரு விதமான தோழமை இருக்கிறது, அது கெடக்கூடாது என்பது ஒன்று. கழகம் பல நாடுகளில் இயங்குகிறது, அந்த நாடுகளின் பண்பாடும் வழக்கமும் வேறு வேறு, பெண்களைச் சேர்க்காமல் இருந்தால்தான் அங்கேயெல்லாம் ஒழுங்காக வேலை செய்யலாம் என்பது மற்றது.

இதை வாசித்துவிட்டு நான் கதிரையைப் பின்னுக்குத் தள்ளிக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். எங்கட ஐயா சொன்ன அதே இரண்டு காரணம், அதே ஒழுங்கில். இரண்டாவது காரணத்தில் சொல்லப்பட்ட அந்த வேறு நாடுகளில் நாங்களும் அடக்கம். எங்கட பண்பாட்டின் பெயரைச் சொல்லிக் கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள். அந்தக் கதவைத் திறக்கச் சொல்லி 1950இல் இந்தியாவிலிருந்தும் 1964இல் இலங்கையிலிருந்தும் கேட்டிருந்தார்கள். கேட்டவர்களிடம் விலக்கிக்கொள்ளச் சொன்னவர்கள், பிறகு அவர்களுடைய வழக்கத்தையே காரணமாகக் காட்டினார்கள்.

1987 மே 4 அன்று தீர்ப்பு வந்தது. வழக்கில் பங்கெடுத்த ஏழு நீதியரசர்களும் ஒருமித்து டுவார்ட்டே கழகத்தின் பக்கம் நின்றார்கள். நீதிமன்றம் தோழமை என்ற வாதத்தை எளிதாகத் தள்ளிவிடவில்லை, எடுத்து ஆராய்ந்தது. குடும்பம், திருமணம் போன்ற நெருங்கிய உறவுகளை அரசு தொடக்கூடாது என்பதை ஒத்துக்கொண்டது. ஆனால் கழகத்துக்குள் இருக்கும் உறவு அந்த வகையா எண்டு கேட்டது. கழகங்களில் இருபதுக்குக் குறைவான ஆட்களிலிருந்து தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்கள் வரை இருக்கிறார்கள். ஒவ்வொரு வருசமும் பத்து வீதமானவர்கள் விலகிப் போக, புதியவர்கள் வருகிறார்கள். கூட்டத்துக்கு வேறு கழகத்தவர்களும் விருந்தினரும் வரலாம். பெண்கள்கூட வந்து பேசலாம், விருது வாங்கலாம். இவ்வளவு திறந்த ஒரு வீட்டில், ஒரு கதவை மட்டும் தனிப்பட்டது எண்டு சொல்ல ஏலாது.

அந்த வருசமே டுவார்ட்டே கழகத்துக்கு சில்வியா விற்லொக் என்ற பெண் தலைவரானார். 1989இல் உலகம் முழுவதுக்குமான யாப்பிலிருந்து அந்தச் சொல் நீக்கப்பட்டது. இலங்கையிலிருந்து தீர்மானம் போய்ச் சரியாக 25 வருசம். அடுத்த வருசம் யூன் மாதத்துக்குள் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். 2022இல் கனடாவைச் சேர்ந்த ஜெனிபர் ஜோன்ஸ் அந்த அமைப்பின் முதல் பெண் உலகத் தலைவரானார். கழகம் உடையவில்லை. தோழமையும் இன்றைக்கும் இருக்கிறதாகத்தான் அவர்கள் சொல்கிறார்கள்.

வீட்டுப் படி ஏறினவர்கள்

ஒரு கேள்வி வரலாம். சேவை நடந்தால் போதாதா, யார் மேசையில் இருந்தால் என்ன?

போலியோவை எடுத்துப் பாருங்கள். றோட்டரி செய்த வேலைகளில் உலகம் அறிந்தது அதுதான். 1985இல் போலியோ ஒழிப்புத் திட்டத்தை அறிவித்தார்கள். 1988இல் உலகத்தில் 125க்கு மேற்பட்ட நாடுகளில் அந்த நோய் இருந்தது. இலங்கையில் கடைசி நோயாளி 1993இல் அடையாளம் காணப்பட்டார். 2014 மார்ச்சில் தென்கிழக்காசியப் பிராந்தியம் முழுவதும் போலியோ அற்றது எண்டு சான்றளிக்கப்பட்டது. 1990களின் நடுப்பகுதியில், யுத்தத்துக்கு நடுவிலும், சொட்டு மருந்து குடுக்கிற நாட்களில் துவக்குச் சத்தம் நிற்பதற்கு ஒழுங்கு செய்தார்கள். என்னுடைய அக்காவின் சுகாதார அட்டையிலும் அந்தச் சொட்டு மருந்தின் பதிவு இருக்கிறது.

மருந்துக்குக் காசு சேர்த்தவர்களை வரலாறு எழுதி வைத்திருக்கிறது, எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்த மருந்தைப் பிள்ளையின் வாய் வரைக்கும் கொண்டுவந்தது ஆர்? ஐஸ் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்த மருத்துவமாது அம்மாக்கள், பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்ற தாய்மார். அந்தத் திட்டத்தை அறிவித்த 1985இல் றோட்டரியின் யாப்புப்படி ஒரு பெண்ணும் அங்கத்தவராக முடியாது. வேலையின் பாரம் ஒரு பக்கத்திலும் முடிவெடுக்கிற உரிமை மற்றப் பக்கத்திலும் இருந்தது. சேவை நடந்தால் போதும் என்று சொல்வது, இந்தப் பங்கீடு அப்படியே இருக்கட்டும் என்று சொல்வதாகவும் ஆகிவிடும்.

மாதர் சங்கம் இருக்குத்தானே எண்டு ஐயா கேட்டதற்கும் பதில் சொல்ல வேண்டும். இருக்கிறது, அதற்கும் பெருமையான வரலாறு இருக்கிறது. கனடாவில் பிறந்து, ஒரு தமிழரை மணந்து, இங்கேயே வாழ்ந்த வைத்தியர் மேரி இரத்தினம் 1930இல் லங்கா மகிளா சமிதியைத் தொடங்கினார். கிராமத்துப் பெண்கள் கூடிச் சுகாதாரமும் கைத்தொழிலும் படிக்கிற சங்கங்களாக அது ஊர் ஊராகப் பரவியது. 1958இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. ஆனால் அதே மேரி இரத்தினம் 1937இல் கொழும்பு மாநகர சபைத் தேர்தலிலும் நின்று வென்று, ஆண்கள் மட்டும் இருந்த மேசையில் போய் இருந்தார். தனிச் சங்கம் கட்டினவ, பொது மேசையையும் விட்டுக் குடுக்கேல்லை.

எங்கட ஊர்களில் அந்த மேசைக்கு இன்னொரு பூட்டும் இருந்தது. 1924இல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கி, பிறகு யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எண்டு அறியப்பட்ட இயக்கத்தின் இளைஞர்கள் சாதி பாராமல் ஒன்றாக இருந்து சாப்பிட்டதே அந்தக் காலத்தில் ஒரு பெரிய காரியம். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பிறகும், தேத்தண்ணிக் கடையில் ஒரே குவளையில் குடிப்பதற்காக 1960களின் பிற்பகுதியில் போராட வேண்டியிருந்தது. ஒரே கிராமத்துக்குள் கூப்பிடு தூரத்தில் இரண்டு சனசமூக நிலையங்கள் இருந்தால், அதற்குத் தூரம் மட்டும் காரணமில்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அங்கேயும் அதையேதான் சொன்னார்கள்: அவைக்கெண்டு ஒண்டு இருக்குத்தானே. பெண்களுக்குக் கதிரை கேட்கிற நாங்கள் இந்தக் கேள்வியையும் எங்களிடமே கேட்க வேண்டும். எங்கட குசினியில் தேத்தண்ணி ஊற்றின பெண்களிலும் எல்லாத் தெருப் பெண்களும் இருக்கவில்லை.

யாப்பில் இல்லாத விதி

இந்த விடுமுறைக்கு ஊருக்கு வந்ததும் நிலையத்தின் யாப்பைப் பார்க்கக் கேட்டேன். அலுமாரித் திறப்பு ஐயாவிடம்தான். தூசி தட்டி எடுத்துத் தந்தார். மண்ணிறமாகிப்போன ஒரு கொப்பி. அங்கத்தவர் பற்றிய பந்தியை இரண்டு தரம் வாசித்தேன். நிலையத்தின் எல்லைக்குள் வசிக்கும், 18 வயது பூர்த்தியான எவரும், ஆண்டுச் சந்தா செலுத்தி அங்கத்தவராகலாம்.

எவரும். றோட்டரியின் யாப்பில் ஆண் எண்டு எழுதியிருந்தது, அதை அழிக்க உயர் நீதிமன்றம் வரை போகவேண்டி வந்தது. எங்கட யாப்பில் அழிக்கிறதுக்கு ஒண்டும் இல்லை. ஒருவரும் எழுதாத விதியை இவ்வளவு காலமும் எல்லாரும் கடைப்பிடித்து வந்திருக்கிறோம், நானும் அம்மாவும் அடக்கம். பதிவுப் புத்தகத்தில் குடும்பத்துக்கு ஒரு பெயர் எழுதுகிற பழக்கத்தால், எங்கட வீட்டில் அப்பாவின் பெயர் மட்டும் இருக்கிறது.

ஐயாவுக்கு 1964 கதையைச் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எங்கட ஆக்களே கேட்டவையோ?"

"ஓம் ஐயா. அவை வேண்டாமெண்டிட்டினம்."

"பிறகு?"

"பிறகு 25 வருசத்தால அவையே மாத்தினவை."

அவர் கொஞ்ச நேரம் கரம் போர்ட் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தார். சம்மதம் எண்டும் சொல்லேல்லை, மாட்டன் எண்டும் சொல்லேல்லை. லாச்சியைத் திறந்து பற்றுச்சீட்டுப் புத்தகத்தை எடுத்தார். "எத்தினை பேருக்கு எழுத?" எண்டு கேட்டார்.

நாலு பேருக்குச் சந்தா கட்டினேன். எனக்கு, அம்மாவுக்கு, அம்மம்மாவுக்கு, ரீச்சருக்கு. ரீச்சர் பின்னேரம் வந்து தன்ரை காசைத் திருப்பித் தந்துவிட்டா, தன் சந்தாவைத் தான்தான் கட்ட வேண்டுமாம். அடுத்த ஒழுங்கையில், இதுவரைக்கும் எங்கட நிலையத்துக்குள் வராத வீடுகளுக்கும் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு போவோம் எண்டு அவதான் சொன்னா. போன கிழமை மூன்று வீட்டுக்குப் போனோம். ஒரு வீட்டில் தேத்தண்ணி தந்தார்கள், இருந்து குடித்தோம். சந்தாவைப் பற்றி யோசித்துச் சொல்கிறோம் எண்டார்கள். இவ்வளவு காலமும் ஒருவரும் கேளாத வீட்டில், ஒரே நாளில் ஓம் எண்டு சொல்லுவார்கள் எண்டு எதிர்பார்க்கவும் ஏலாது. திரும்பவும் போவோம்.

பொதுக்கூட்டம் அடுத்த மாதம். இந்த முறையும் ரீச்சரின் பெயரை நான்தான் முன்மொழிகிறேன். வழிமொழிய அம்மம்மா இருக்கிறா, இப்ப அவவும் அங்கத்தவர். 81 வயதில் எழும்பி நிற்கக் கால் நோகும், இருந்துகொண்டே கையை உயர்த்தலாமோ எண்டு கேட்டா. யாப்பைத் திரும்பவும் பார்த்தேன். அதற்கும் தடையில்லை.